கை வராதவர்கள்

மாலை மணி அடித்ததும் அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்கு ஓடிவிடும். என் தலையில் கட்டிய பதினைந்து மட்டும் வரிசையாகக் கிழக்குக் கட்டடத்துக்கு வரும். வரிசை என்று சொல்வது என் பெருந்தன்மை. ஒருவன் இன்னொருவன் சட்டையை இழுக்க, அவன் முன்னால் போகிறவளின் சடையை இழுக்க, மொத்தமாக வந்து கதவில் முட்டுவார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள். குழந்தை என்று கொஞ்சவும் முடியாது, ஆள் என்று மதிக்கவும் முடியாது. அப்படி ஒரு வயது.

வாசலில் நின்று ஆளுக்கு ஒரு ஜோடி உணருறை கொடுப்பேன். விரல் நுனி வரை ஒட்டிக்கொள்ளும் மெல்லிய சாம்பல் நிறக் கையுறை. மணிக்கட்டில் மிளகு அளவுக்கு ஒரு விளக்கு. அதன் பெயர் வளவிளக்கு. உறை போடாமல் ஒரு திருகாணியைக்கூடத் தொடக்கூடாது. போட்ட கையால் தின்னக்கூடாது, மூக்கு நோண்டக்கூடாது. மூக்கு விதியை மதித்த பிள்ளையை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

என் பெயர் பிரம்மசக்தி. திருநெல்வேலியில் பொறியியல் மூன்றாம் ஆண்டு. வாரத்தில் மூன்று மாலை இப்படி ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கைவகுப்பு எடுத்தால்தான் எங்களுக்குப் பட்டம் கிடைக்கும். என்னோடு ஜெபசிங்கும் வருவான். வருவான் என்பதற்கு மேல் அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றும் கிடையாது. மூலையில் உட்கார்ந்து சுவர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பான். பதினைந்து பிள்ளைகளின் விளக்கும் எப்படி எரிகிறது என்று கூட்டிப் பார்த்து, வகுப்பின் மொத்த வளத்தை அந்தப் பலகை காட்டும். பருவ முடிவில் அதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் மதிப்பெண்.

இந்தக் காலத்தில் யாருக்கு ஐயா கைவேலை வேண்டும்? செருப்பு அறுந்தால் தெருமுனையில் நிற்கும் ஆக்கி எந்திரத்திடம் சொன்னால் வேறு செருப்பு வந்து விழுகிறது. நாற்காலி, விசிறி, பாலம், பல்செட் எல்லாம் ஆக்கிதான். யோசிப்பதும் அதுதான், செய்வதும் அதுதான். பொறியாளர் என்பவர் அதனிடம் மரியாதையாகப் பேசத் தெரிந்தவர், அவ்வளவே. ஆணி அடிக்கத் தெரிந்த ஒருவரைக் காட்டு என்றால் எங்கள் துறைத்தலைவர் கூரையைப் பார்ப்பார். இருந்தும் நாடு முழுக்கக் கைவகுப்பு நடக்கிறது, அதில் பிள்ளையைச் சேர்க்க அம்மாமார்கள் விடியற்காலையில் வந்து இடம் பிடிக்கிறார்கள்.

காரணம் அந்த விளக்கு. பளீரென்று எரிந்தால் பிள்ளைக்குக் கை இருக்கிறது, மங்கினால் இல்லை. ஊரில் எந்த அம்மாவைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வாள். மூன்று ஆண்டும் வகுப்பில் தாக்குப்பிடித்த பிள்ளைக்குப் பதக்கம் உண்டு. அது இருந்தால்தான் பொறியியலில் இடம். விளக்கு அணைந்துபோன பிள்ளையை நடுவில் நிறுத்தி, "இன்னார் நிறைவு பெற்றார்" என்று அறிவித்து, எல்லோரும் கைதட்டி, கையில் ஒரு பொட்டலம் அல்வாவைக் கொடுத்து அனுப்பிவிடுவோம். வாழ்நாள் முழுக்க அந்தப் பிள்ளைக்குக் கை வராதவன், கை வராதவள் என்று பெயர். அல்வா மட்டும் நல்ல அல்வா.

நான் மூன்று ஆண்டும் முழுதாக இருந்தவள். என் விளக்கு ஒருநாள்கூட மங்கியதில்லை. பதக்கத்தைச் சட்டையில் குத்திக்கொண்டுதான் வகுப்புக்கு வருவேன். இந்த வானரங்களுக்கு யார் முன்னால் நிற்கிறோம் என்று தெரிய வேண்டாமா?

கற்றுக்கொடுப்பதற்கு எங்களுக்கு ஒரே விதி: காட்டாதே, கேள். பிள்ளை எது கேட்டாலும், "நீ என்ன நினைக்கிறாய்?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். பிள்ளையின் சிந்தனை வளருமாம். எனக்கு அந்த விதி மிகவும் பிடிக்கும். அவர்கள் கேட்கிற பாதிக் கேள்விக்கு எனக்கும் விடை தெரியாது என்பது வேறு விஷயம்.

அந்தப் பருவத்தில் பொம்மை மின்தூக்கி செய்யச் சொல்லியிருந்தோம். ஒரு சட்டம், மேலே ஒரு கப்பி, ஒரு நூல், சின்ன மோட்டார். மண் நிரப்பிய டப்பா ஒன்று கீழேயிருந்து மேலே போக வேண்டும். கோமதிநாயகம் என்று ஒரு பையன் இருந்தான். என் வகுப்பின் ரத்தினம். மோட்டாரின் இரண்டு கம்பியையும் ஒரே முனையில் முறுக்குவான். கப்பியைச் சட்டத்துக்கு வெளியே மாட்டுவான். நூலைத் தன் சட்டைப் பொத்தானோடு சேர்த்து முடிச்சுப் போட்டு எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருப்பான். அவன் விளக்கு கல்யாண வீட்டு விளக்கு மாதிரி எரியும். இவன் பெரிய பொறியாளர் ஆவான் என்று முன்வரிசையில் உட்கார வைத்திருந்தேன்.

கடைசி வரிசையில் முப்பிடாதி. ஏழாம் வகுப்பு. வாயாடி.

"அக்கா, நூலு கப்பிய விட்டு வழுக்கி வழுக்கி வெளிய வருது."

"நீ என்ன நினைக்க?"

"நான் நெனைக்கது இருக்கட்டும். என்ன செய்யணும், நீங்க சொல்லுங்க."

"நீயே கண்டுபிடி."

"உங்களுக்குத் தெரியுமா, தெரியாதாக்கா?"

"ஏட்டி, வாய் ரொம்ப நீளுது. போய் உக்காரு."

போய் உட்கார்ந்தாள். மறுவகுப்புக்கு ஒரு பிஸ்கட் டின்னின் மூடியைக் கொண்டுவந்து, வட்டமாக இரண்டு தகடு வெட்டி, கப்பியின் இரண்டு பக்கமும் ஒட்டினாள். நூல் அதற்குப் பிறகு வழுக்கவில்லை. டப்பா மேலே போனது, நின்றது, கீழே வந்தது. அவள் மணிக்கட்டு விளக்கு பாதியாக மங்கியது.

"ஐயய்யோ, எதுக்குக்கா மங்குது? ஏறுதுல்லா?"

"ஏறுனா போதுமா? விளக்கு சொல்லுதுல்லா, எங்கேயோ சொதப்பியிருக்கன்னு. இன்னும் நல்லா செய்" என்றேன். எங்கே சொதப்பினாள் என்று எனக்கும் தெரியவில்லை. டின் மூடியை வெட்டி ஒட்டியது பார்க்கக் கேவலமாக இருந்தது, அதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

அவள் முகம் செத்துப்போயிற்று. "எங்க செண்பகக்காவுக்கும் இப்படித்தான் மங்குச்சு. ஒரே மாசத்துல அல்வா குடுத்து அனுப்பிட்டாங்க. அதுலேருந்து அம்மா அவள மிக்சியக்கூடத் தொடவிடமாட்டா. கை வராத கழுத, எதையாவது ஒடச்சுருவம்பா. அவளும் ஒண்ணும் தொடமாட்டாக்கா. கைய மடியில வச்சுக்கிட்டே உக்காந்திருப்பா. நான் அப்படி ஆகமாட்டேன். நான் இன்ஜினியரிங் படிக்கணும்."

"அப்ப ஒழுங்கா வேலையப் பாரு. இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள விளக்கு தெளியலைன்னா நானே நெனச்சாலும் ஒண்ணும் செய்ய முடியாது."

அவள் வேலையைப் பார்த்தாள். அதுதான் வினை. டப்பாவின் எடைக்குச் சமமாக மறுபக்கம் ஒரு கல்லைக் கட்டினாள், மோட்டார் முனகாமல் ஓடிற்று. உச்சிக்குப் போனால் தானே நிற்கிற மாதிரி ஒரு தகடு வைத்தாள். ஒவ்வொன்றாகச் செய்யச் செய்ய விளக்கு இன்னும் இறங்கியது. அவள் உதட்டைக் கடிப்பாள், கண்ணைத் துடைப்பாள், அடுத்ததைச் செய்வாள். இந்தப் பக்கம் கோமதிநாயகம் மோட்டாரை மண் டப்பாவுக்குள் புதைத்துவிட்டு, ஏன் சுற்றவில்லை என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் விளக்கைப் பார்க்கக் கண் கூசியது.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவள் ஒருத்தியால் பலகையில் எங்கள் வளம் சரிந்துகொண்டிருந்தது. ஆனாலும், உள்ளதைச் சொன்னால், அந்த மின்தூக்கி ஏறி இறங்குவதைப் பார்க்க நன்றாக இருந்தது. வகுப்பில் வேறு யாருடையதும் ஓர் அங்குலம்கூட ஏறவில்லை. ஏறுகிற ஒன்றுக்கு ஏன் விளக்கு மங்க வேண்டும்? இதுகூட விளங்காமல் எதற்குப் பதக்கம் குத்திக்கொண்டு திரிகிறேன் என்று ரோஷம் வந்து, வியாழக்கிழமை எங்கள் கைவகுப்பு ஒருங்கிணைப்பாளர் வனமாலி சாரைப் பார்க்கப் போனேன்.

அவர் அறையில் முறுக்குத் தின்றுகொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். சார், உறையில் ஏதோ கோளாறு, நல்ல பிள்ளை, இன்னும் ஒரு பருவம் வைத்துப் பார்க்கலாம் என்றேன்.

"கோளாறுல்லாம் இல்ல. தப்பு செய்யுதாளா அவ?"

"இல்ல சார். எல்லாம் சரியாத்தான் செய்யுதா."

"அப்புறம் அவள வச்சு நாம என்னம்மா செய்ய?"

எனக்குப் புரியவில்லை. அவருக்கு நான் புரியாமல் நிற்பதுதான் புரியவில்லை. முறுக்கை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"மூடிக்காலம்னு கேள்விப்பட்டிருக்கியா? நீ பொறக்கதுக்கு முன்னாடி. ஆக்கி செஞ்ச எந்த டப்பா மூடியையும் எவனாலயும் தெறக்க முடியல. ஊறுகா பாட்டில கல்லுல போட்டு ஒடச்சுத் தின்னோம். ஏன்? அது தான் செஞ்சதையே பாத்துப் பாத்துச் செஞ்சுது. எல்லாம் சரி, கணக்குல ஒரு பிசகு கெடையாது. மனுசக் கை எப்படிப் பிசகும்னு மட்டும் அதுக்கு மறந்துபோச்சு. சரியா செய்யதுக்கு அதுக்குச் சொல்லிக்குடுக்க வேண்டாம். தப்புதான் அதுக்குத் தீவனம். அத அதுவா உண்டாக்கிக்க முடியாது. உறை மாட்டின கையிலேருந்துதான் எடுத்துக்கிடணும்."

"அதுக்குப் பிள்ளைங்களா?"

"பெரியவன் எவன் எதத் தொடுதான் இப்ப? சின்னக் கொழந்த சும்மா பிச்சுப் போடும், அது தப்புல சேராது. ஒண்ண நெனச்சு வேற ஒண்ணச் செய்யணும். அதுக்கு இந்தப் பன்னெண்டு பதிமூணு வயசுதான் தோது. கை வந்துட்டுன்னா அந்தப் பிள்ளைகிட்ட எடுக்க ஒண்ணும் இல்ல. அனுப்பிர வேண்டியதுதான்."

"ஆனா வெளிய எல்லாரும் அவங்களைத்தான் கை வராதவங்கன்னு..."

"நாங்களா சொன்னோம்? நிறைவு பெற்றார்னு மைக் வச்சுல்லா சொல்லுதோம். அல்வா வேற குடுக்கோம். ஊரு வேற மாதிரி எடுத்துக்கிட்டா நான் என்ன செய்ய? மூணு வருசம் இருந்தா கௌரவம்னு அதுங்களே முடிவு பண்ணிச்சு. பல்கலைக்கழகமும் சரின்னு அத வச்சே சீட்டு குடுத்துட்டு. நல்லதுதான். நமக்கு வாத்தியாரு வேணும்ல?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சார்?"

"கை வந்தவன வாத்தியாராப் போட்டா நாலு நாள்ல பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுத்துருவான். உன்ன மாதிரி ஆளுன்னா பயமில்ல" என்றார். அதில் கொஞ்சமும் கேலி இல்லை. என் பதக்கத்தைப் பார்த்து மதிப்பாகத் தலையாட்டிவிட்டு, "நீ மூணு வருசமும் அப்படியே எரிஞ்சவல்லா. பழைய ஆளுங்க இன்னும் உன்னப் பத்திப் பேசுவாங்க" என்றபடி முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளினார்.

நான் ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வேறு என்ன செய்வது? பேருந்து நிறுத்தத்தில் என்னோடு காத்திருந்தவர்களைப் பார்த்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த செண்பகங்கள் எத்தனை பேரோ. அவர்களுக்கு எதிரில், என் துறையில் படிக்கிற நான்கு பதக்கக்காரர்கள் ஒரு தண்ணீர்ப் பாட்டிலைத் திறக்க மாற்றி மாற்றி முக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தூ, இதுவும் ஒரு நாடா! அந்த நான்கு பேரையும் ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. முதல் அறை யாருக்கு என்று மட்டும் நான் யோசிக்க விரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை சொல்லிவிடுவது என்று போனேன். முப்பிடாதி எனக்கு முன்னால் வந்து வேலையை ஆரம்பித்திருந்தாள். அவள் மேசைக்குப் போய்ப் பார்த்தேன். ஏறி இறங்கிய மின்தூக்கியைப் பிரித்துப் போட்டிருந்தாள். தகடுகளைப் பிய்த்து எடுத்திருந்தாள். கப்பி சட்டத்துக்கு வெளியே இருந்தது. இரண்டு கம்பியும் ஒரே முனையில் முறுக்கியிருந்தது.

"ஏட்டி, என்ன காரியம் செஞ்சு வச்சுருக்க?"

"கோமதிநாயகம் செய்யத நல்லாப் பாத்து வச்சுக்கிட்டேங்க்கா. அவனுக்குத்தான எரியுது. அப்ப அவன் செய்யதுதான சரி? நான்தான் இத்தன நாளும் கோட்டித்தனமா ஏத்திக்கிட்டும் எறக்கிக்கிட்டும் கெடந்திருக்கேன்."

அவள் கை நடுங்கவே இல்லை. கோமதிநாயகத்தின் கோணலை அச்சு அசலாக, ஒரு நூல் பிசகாமல் செய்துகொண்டிருந்தாள். செய்ய நினைத்ததை அப்படியே செய்துகொண்டிருந்தாள். கடைசித் திருகாணியை இறுக்கியதும் நிமிர்ந்து மணிக்கட்டைப் பார்த்தாள். விளக்கு மொத்தமாக அணைந்தது.

பலகை மணியடித்தது. ஜெபசிங் எழுந்து மைக்கில், "முப்பிடாதி நிறைவு பெற்றார்" என்று கொட்டாவியோடு சொன்னான். பதினான்கு ஜோடி உணருறைகள் பொத்துப் பொத்தென்று தட்டின. கோமதிநாயகம் எல்லோரையும்விட ஓங்கித் தட்டினான். பாவம், அவனுக்கு அவள்மேல் ஒரு பகையும் இல்லை.

பிள்ளைகள் போன பிறகும் அவள் போகவில்லை. அல்வாப் பொட்டலத்தை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"முப்பிடாதி, இங்க பாரு. உனக்குக் கை வந்துட்டு. அதனாலதான் அனுப்புதாங்க. நல்லாச் செஞ்சா அணையும். தப்பாச் செஞ்சாத்தான் எரியும். உங்க செண்பகக்காவுக்கும் அப்படித்தான். போய் அவகிட்டச் சொல்லு, உங்கம்மாகிட்டச் சொல்லு."

"ஆறுதலு சொல்லாதீங்கக்கா."

"ஆறுதல் இல்ல, நெசமாச் சொல்லுதேன்."

"மெடலு குத்திக்கிட்டு நிக்கவங்க என்ன வேணாலும் சொல்லலாம். இதப் போய் எங்கம்மாகிட்டச் சொன்னா செருப்பெடுப்பா."

நான் பொய் சொல்கிறேன் என்று ஒரு சின்னப்பெண் என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். நிரூபித்துக் காட்டுகிறேன் பார் என்று அவளுடைய உறையைப் பிடுங்கி என் கையில் மாட்டினேன். "இந்தா பாரு, உன் லிஃப்ட நான் திரும்பச் சேக்கேன். நானும் சரியா செய்வேன், எனக்கும் அணையும். அப்ப நம்புவியா?"

தலையாட்டினாள்.

உட்கார்ந்தேன். உயிரைக் கொடுத்துச் செய்தேன். அவள் செய்ததை நான் எத்தனை நாள் பார்த்திருக்கிறேன்! தகட்டைக் கப்பியில் ஒட்டினேன், பசை என் விரலில் ஒட்டியது, தகடு மேசையில் ஒட்டியது. கல்லைக் கட்டினேன், அவிழ்ந்து என் காலில் விழுந்தது. இந்தக் கம்பி இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? திருகாணியை இடமிருந்து வலமாகத் திருகினால் இறுகுமா, கழலுமா? பொறியியல் மூன்றாம் ஆண்டு. எனக்கு வேர்த்து ஊற்றியது. அணைந்துவிடு, ஒரே ஒரு தடவை அணைந்துவிடு என்று அந்த மிளகு விளக்கைக் கெஞ்சினேன்.

அது எரிந்தது. முதல் திருகாணியிலேயே பிடித்துக்கொண்டு, வகுப்பு முழுக்க வெளிச்சம் அடிக்கிற அளவுக்கு எரிந்தது. கோமதிநாயகத்துக்குக்கூட அப்படி எரிந்து நான் பார்த்ததில்லை.

முப்பிடாதி என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் கோபம் போய்விட்டது. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"யம்மா... என்னா எரி எரியுது!" என்றாள். "கையின்னா இதுல்லா கை. நீங்கல்லாம் பொறக்கும்போதே இன்ஜினியருதாங்க்கா." அல்வாப் பொட்டலத்தைப் பைக்குள் வைத்தாள். போகும்போது மேசைமேல் அவள் கை பட்டது. எதையோ சுட்டுக்கொண்டவள் மாதிரி சட்டென்று எடுத்து, இரண்டு கையையும் பாவாடையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள்.

நான் நூலைக் கப்பியில் சுற்றினேன். வழுக்கியது. மறுபடி சுற்றினேன். மூலையில் ஜெபசிங் அந்தப் பருவத்திலேயே முதல் முறையாக நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து பலகையைக் காட்டினான்.

"ஏ பிரம்மு, நிறுத்திராத! அந்தப் பிள்ளையால எறங்கினது பூரா ஏறிட்டு, இன்னும் ஏறுது. அப்படியே செஞ்சுக்கிட்டே இரு!"